நூலுக்கும் ஓர் உறுதிப் பிரதி வேண்டும்

(கொழும்பு, கொச்சிக்கடையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



காணி வழக்குப் பேசிப் பழகியவன் நான். ஆகவே காணியிலிருந்தே தொடங்குகின்றேன். கமக்காரர் ஒருவர் காணி வாங்கினால் நொத்தாரிசு உறுதி முடிக்கின்றார். ஒரு பிரதி வாங்கியவர் கைக்கு வருகின்றது; ஒன்று நொத்தாரிசிடம் தங்குகின்றது; மற்றொன்று காணிப் பதிவுக் கந்தோருக்குப் போகின்றது. வீடு தீப்பற்றி உறுதி சாம்பலானாலும் காணி போய்விடாது. கந்தோரிலே பிரதி எடுத்து உரிமையை நிலைநாட்டலாம்.

இரண்டு பரப்புத் தோட்டத்துக்கு இத்தனை காவல் உண்டு. நம் இனத்தின் அறிவுச் செல்வத்துக்கு என்ன காவல் இருந்தது?

1933இல் க. மு. செல்லப்பா அவர்களின் முயற்சியால் முளைவிட்டு, 1959இல் எழில்மிகு மண்டபத்திலே குடிபுகுந்தது யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981ஆம் ஆண்டு யூன் முதலாந் தேதியை ஒட்டிய இரவில் சீருடையினரும் காடையரும் அதற்குத் தீ வைத்தனர். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. தீ வைத்தவர்களின் குற்றம் எந்நாளும் குறையாது. ஆயினும் அந்தச் செல்வத்துக்கு மறுபிரதி இருக்கவில்லையே என்ற கேள்வியை நம்மை நோக்கியும் நாம் கேட்கத்தான் வேண்டும்.

அக்கேள்விக்கு விடையாக 2005இல் நம்மவர் சிலர் சம்பளமின்றித் தொடங்கியதே ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம். ஈழத்து எழுத்துக்களைத் தேடி, ஏடு ஏடாகப் படமெடுத்து, எவரும் இலவசமாகப் படிக்க அது வழிசெய்தது. இன்று அதில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. இது பத்திரிகை, சஞ்சிகை, துண்டுப்பிரசுரம் யாவும் சேர்ந்த கணக்கு. எரிந்தவை மீண்டுவிட்டன என்று எவரும் மயங்க வேண்டாம்.

2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவோ தொண்டர்கள் கூடி எழுதும் கலைக்களஞ்சியம். 1902இல் மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை தனியொருவராய் ‘அபிதானகோசம்’ தொகுத்தார். அவர் ஒருவர் சுமந்த பாரத்தை இன்று பலர் பங்கிட்டுச் சுமக்கின்றனர்.

“யாரும் திருத்தலாம் என்றால் பொய்யும் புகுமே?” என்று படித்தவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. சான்றில்லாத வழக்கு மன்றத்தில் நில்லாது. சான்றில்லாத கட்டுரையும் நில்லாது. சான்று எங்கே இருக்கின்றது? நூலகத்து அலுமாரியிலும் நூதனசாலைப் பெட்டகத்திலும் இருக்கின்றது. அதனாலேதான் இவ்விரு சாராரும் கைகோக்க வேண்டும் என்கின்றேன்.

உலகம் இதனை உணர்ந்துவிட்டது. ஜேர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் 2008இல் ஏறத்தாழ ஒரு இலட்சம் புகைப்படங்களை விக்கித் திட்டங்களுக்குத் திறந்துவிட்டது. 2010இல் பிரித்தானிய நூதனசாலை விக்கிப்பீடியத் தொண்டர் ஒருவரை உள்ளே அழைத்துத் தன் அறிஞர்களோடு அமர்த்தியது. தமிழ்நாட்டிலே தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்கள் ஈராயிரத்துக்கு மேற்பட்டவற்றின் பிரதிகளை விக்கிமூலத்துக்கு வழங்கியது.

இங்கே நிலை என்ன? அச்சகங்கள் தாம் அச்சிடும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1885ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் பிறந்தது. கொழும்பு நூதனசாலை நூலகம் அந்நாள் முதல் அவ்வாறு நூல்களைப் பெற்று வந்தது. அப்படியானால் யாழ்ப்பாணத்தில் எரிந்த நூலொன்றின் பிரதி, இம்மேடையிலிருந்து சில கல் தொலைவில் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும்! கிளிநொச்சிக் கமக்காரரின் மகள் அதைப் படிக்கக் கொழும்புக்கு ரயில் ஏற வேண்டுமா? அங்குள்ள தமிழ் நூல்களைப் பட்டியலிட்டுப் படமெடுக்கத் தொண்டர்களுக்கு வாயில் திறக்க வேண்டும். இது நாம் கேட்கும் சலுகையன்று. பொதுச் சொத்தின்மீது பொதுமக்களுக்குள்ள உரிமை!

சட்டம் தடுக்குமோ என்று அஞ்சற்க. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு கழிந்தால் பதிப்புரிமை முடிகின்றது. 1879இல் மறைந்த நாவலர் பெருமானின் எழுத்து எல்லோர்க்கும் உரியது. பிற நூல்களுக்கு ஆசிரியரிடமோ அவர்தம் வாரிசுகளிடமோ எழுத்தில் இசைவு பெற்றால் போதும்.

அரசை மட்டும் நோக்கிக் கைநீட்டுவது நமக்கு அழகன்று. இக் கொச்சிக்கடையிலே கோயிலும் உண்டு, தேவாலயமும் உண்டு. கும்பாபிஷேக மலரும் திருவிழா மலரும் எத்தனை வீடுகளில் செல்லரிக்கின்றன? அந்தியேட்டியன்று வழங்கும் கல்வெட்டிலே ஒரு குடும்பத்தின் வமிசமே அடங்கியிருக்கின்றதே! கிராமத்து வாசிகசாலைகளில் பழைய பத்திரிகைக் கட்டுகள் கிடக்கின்றன. அவற்றைப் பழைய கடதாசிக்காரனுக்கு நிறுத்துப் போடுமுன் நூலகத் தொண்டர்களிடம் ஒருநாள் காட்டுங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும். பிரதி ஊருக்குச் சேரட்டும். கணக்காளரும் ஆசிரியரும் மருத்துவரும் தாம் அறிந்த துறையில் மாதம் ஒரு கட்டுரையேனும் சான்றோடு எழுதட்டும்.

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடி அச்சேற்றினார். அவர் செய்ததும் பிரதி எடுக்கும் பணியேயன்றோ? ஒரே இடத்தில் இருப்பதை ஒரே இரவில் எரிக்கலாம். ஆயிரம் இடத்தில் இருப்பதை எரிக்க எந்தத் தீயாலும் இயலாது.