வாசற்படி கடந்த செவிலி

(சீயமங்கலத்தில் நடைபெற்ற அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையார் எனக்குப் பணித்தனர். நான் கையில் எடுத்து வந்திருப்பதோ ஒரு செவிலிய மாணவியின் குறிப்பேடு. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று எண்ண வேண்டா. 'செவிலி' என்னும் சொல் எங்கள் வீட்டுச் சொல்தான். சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாய் செவிலி. மணமான பின் மகள் வாழும் மனைக்குச் சென்று, கண்டதை மீண்டு வந்து நற்றாய்க்கு உரைப்பது அவள் கடமை. குறுந்தொகையில் கூடலூர் கிழாரின் 167ஆம் பாட்டு அவ்வகையில் அமைந்தது. அங்கே செவிலி பொதுப்படையாக எதையும் புகழவில்லை. விரல், ஆடை, அடுப்படிப் புகை, முகம் எனத் தன் கண்ணிற் பட்டவற்றையே கூறுகிறாள். வீடு தேடிச் சென்று பார்த்து வந்து சொல்லும் தொழிலுக்கு நம் மொழியில் அவ்வளவு பழைய பெயர் இருந்திருக்கிறது.

இனி நம் வட்டாரத்துச் செய்தி ஒன்று. செஞ்சிக்குக் கிழக்கே உள்ள திண்டிவனத்தில், 1890ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், ஜான் ஸ்கடர் என்னும் மருத்துவர் பணியாற்றி வந்தார். இராணிப்பேட்டையிற் பிறந்து அமெரிக்காவில் கல்வி கற்ற அவருடைய மகள் ஐடா, நோயுற்ற தாயைக் காண அங்கு வந்திருந்தார். ஒரே இரவில் மூவர், ஒருவர் பின் ஒருவராக, அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். ஓர் அந்தணர், ஓர் இசுலாமியர், மற்றும் ஓர் இந்துக் குடும்பத்தவர். மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். தனக்கு மருத்துவம் தெரியாது, தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. ஆடவர் ஒருவர் உள்ளே வந்து பார்ப்பதை அம்மூவருமே ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

அறிவு அன்று ஊரிலேயே இருந்தது. கூப்பிடு தொலைவில் இருந்தது. வாசற்படிதான் அதனைத் தடுத்து நிறுத்தியது. ஐடா அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1902இல் வேலூரில் மருத்துவமனை கண்டார். மருத்துவமனைக்கு வர இயலாதவர்க்காகச் சாலையோர மரநிழல்களில் வாரந்தோறும் மருந்து வழங்கினார். 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அங்கே செவிலியம் பட்டப்படிப்பாகவும் ஆயிற்று. அந்த வழியில் வந்தவர்களே இன்று வெண்ணிற மேலாடையும் தோட்பையுமாய் நம் தெருக்களில் நடக்கும் மாணவியர்.

நான் சொல்ல வந்த குறிப்பேடு அத்தகைய மாணவி ஒருத்தியுடையது. என்னிடம் முன்பு தமிழ் பயின்றவரின் மகள். இளநிலைச் செவிலியப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. கல்லூரிக்கு ஆங்கிலத்தில் எழுதித் தருவது வேறு. இது தனக்கென்று தமிழில் எழுதியது. சந்திப்பிழை திருத்தித் தாருங்கள் ஐயா என்று கொடுத்தாள். தேசூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சில வாரங்கள் அவளுக்குக் களப்பணி.

முதற் பக்கங்கள் முழுவதும் பையைப் பற்றியவை! வீட்டிற்குள் சென்றதும் செய்தித்தாளை விரித்து அதன்மேல்தான் பையை வைக்க வேண்டும். முதலில் சோப்பையும் துண்டையும் எடுத்துக் கைகழுவ வேண்டும். அதற்குப் பின்னரே கருவிகளைத் தொட வேண்டும். இவ்வொழுங்கு எதற்கு? அடுத்த வீட்டின் கிருமி இவ்வீட்டிற்கு வராமலும், இவ்வீட்டினது அடுத்த வீட்டிற்குப் போகாமலும் இருப்பதற்கு. 'மருத்துவமனையில் படுக்கை எங்களுடையது. நோயாளி வந்து படுக்கிறார். இங்கே எங்கு உட்கார்வது என்பதைக்கூட வீட்டுக்காரர்தாம் சொல்ல வேண்டும்' என்று அவள் எழுதியிருந்த இடத்தில் நான் திருத்த ஒன்றும் இல்லை.

ஒரு சமண இல்லத்தில் குடிநீரைத் துணியால் வடிகட்டிக் காய்ச்சுவதைக் கண்டு வியந்து ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். வியப்பு தேவையில்லை. நரம்புச் சிலந்தி நோயை நம் நாட்டிலிருந்து ஒழித்ததில் வடிகட்டும் துணிக்குப் பெரும்பங்கு உண்டு. இந்தியாவில் அந்நோயின் கடைசி நோயாளி 1996இல் காணப்பட்டார். 2000இல் நாடு அதனின்று விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வங்கதேசத்தில் பழைய சேலையைப் பலமடியாக மடித்து நீரை வடிகட்டிய சிற்றூர்களில் வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் ஆய்வு வெளியாயிற்று. நம் முன்னோர் சிற்றுயிர்கள்பால் கொண்ட இரக்கத்தால் வடிகட்டினர். பயன் குடிப்பவர்க்கும் கிடைத்தது.

நான் இங்கு நின்று பேசுவதற்குக் காரணமான பக்கம் இதன் பின்னால் வருகிறது.

எழுபது வயதைக் கடந்த ஓர் ஆயா. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. மாத்திரைகள் மாதந்தோறும் வீட்டிற்கே வந்துவிடுகின்றன. (2021 ஆகஸ்டு 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நம் பக்கத்து முதியோர்க்குச் செய்துள்ள நன்மை சிறிதன்று.) மாணவி முதல்முறை சென்றபோது படிவத்தில் உள்ளபடி, "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா ஆயா?" என்று கேட்டாள். "போடறேன் கண்ணு" என்றார். குறியிட்டாள். இரண்டாம் முறையும் அதே வினா, அதே விடை, அதே குறி.

மூன்றாம் முறை அவள் படிவத்தைப் பையிலேயே வைத்துவிட்டாள். "நேத்து என்ன சாப்பிட்டீங்க ஆயா?" என்றாள். "நேத்து சதுர்த்தசி, ஒண்ணும் சாப்பிடலையே" என்றார் ஆயா. மாத்திரை? "அதை விடலாமா? காலையில வெந்நீர்ல போட்டுக்கிட்டேன்." பிறகு கேட்கக் கேட்க ஒவ்வொன்றாய் வெளிவந்தது. நோன்பு நாட்களில் பிற்பகலானால் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ஒருமுறை பேரன் பெயரே நினைவுக்கு வரவில்லை. இவற்றையெல்லாம் ஆயா நோயென்று கருதவில்லை. தவத்தின் வருத்தம் என்று எண்ணிப் பொறுத்திருக்கிறார். மாதத்தில் அட்டமி இரண்டு, சதுர்த்தசி இரண்டு. நான்கு நாளும் இவ்வாறே கழிந்திருக்கிறது.

சர்க்கரை நோய் மாத்திரைகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. சில, உணவு உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வன. வெறும் வயிற்றில் அவற்றை உட்கொண்டால் இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடக் கூடும். மேலும் இறங்கினால் மயக்கம், வலிப்பு, உயிருக்கும் இடர். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்க்கும் இவ்விடர் உண்டு. நீரும் அருந்தாத நோன்பில், சிறுநீரைப் பெருக்கும் அழுத்த மாத்திரையும் சேர்ந்தால், முதியோர் உடல் விரைவில் வறண்டுபோகும். அதற்காகத் தாமே எல்லா மருந்தையும் நிறுத்திவிடுவதும் தீங்கே. எந்நாளில் எதை விடுவது, எதைக் குறைப்பது, எதை மாலைக்கு மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். அவருக்கோ நோன்பு உண்டென்பதே தெரியாது, சொன்னால்தானே தெரியும்!

மாணவி நோன்பை விடுங்கள் என்று சொல்லவில்லை. அவளுடைய அறிவுடைமையாக நான் கருதுவது அதைத்தான். அப்படிச் சொல்லியிருந்தால் ஆயா அடுத்த முறை, 'சாப்பிட்டேன் கண்ணு' என்று கூறி அனுப்பியிருப்பார். தன் பேராசிரியையிடம் தெரிவித்தாள். ஆயாவை அழைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையம் சென்றாள். மருத்துவர் மாத்திரையை மாற்றி, நோன்பு நாளுக்கென்று தனிமுறையும் எழுதித் தந்தார். நடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரிற் கரைத்து உடனே குடித்துவிட வேண்டும், அன்றைக்கு நோன்பை அத்துடன் முடித்துக்கொள்ள வேண்டும் என்பதும் ஏற்பாடு. இந்தக் கடைசி விதிக்கு மட்டும் ஆயா எளிதில் இசையவில்லை.

இங்கே சிலர் மனத்தில் ஒரு வினா எழலாம். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தி பாறையில் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த மண்ணில் பிறந்துவிட்டு ஒருநாள் நோன்புக்கு அஞ்சுவதா? அந்த ஆசிரியர் தாம் செய்வது இன்னதென முழுதும் அறிந்து, விழிப்போடு ஏற்ற நோன்பு அது. மாத்திரையின் வேகத்தால் நினைவிழந்து அடுப்படியில் விழுவதை எந்தச் சாத்திரமும் தவமென்று கூறாது. ஔடத தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்த நெறி நம்முடையது. வாசல் தேடி வந்து கொடுப்பவரிடம் உண்மையை மறைத்து வாங்குவது அத்தானத்தைப் பாழாக்குவதாகும்.

பிற சமயத்தார் இதில் முன்னே சென்றுவிட்டனர். இரமலான் நோன்பிருக்கும் சர்க்கரை நோயாளர்க்கென்று உலக நீரிழிவுக் கூட்டமைப்பு 2016இல் வழிகாட்டி நூல் வெளியிட்டு, 2021இல் அதனைப் புதுக்கியது. நோன்பு மாதம் தொடங்குவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னரே மருத்துவரைக் காண்க என்பது அதன் முதன்மையான அறிவுரை. தசலட்சண நாட்கள் எப்போது வருமென்பது நமக்கும் ஆண்டின் தொடக்கத்திலேயே தெரிந்ததுதானே.

ஆகவே தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று இல்லம் சென்றதும், மாத்திரை அட்டைகளையும் மருத்துவர் சீட்டையும் ஓர் உறையிலிட்டு, அதன் மேலே நீங்கள் நோன்பிருக்கும் நாட்களையும், மாலையில் எத்தனை மணிக்குமேல் உண்பதில்லை என்பதையும் எழுதிவையுங்கள். எழுத இயலாதவர்க்குப் பேரப்பிள்ளைகள் எழுதித் தரட்டும். தமிழ்ப் பிழை இருந்தாலும் குற்றமில்லை. மாணவியர் வந்தால் திண்ணையிலேயே இருத்திப் பேசி அனுப்பாமல் உள்ளே அழைத்து அவ்வுறையைக் காட்டுங்கள். அடுத்த குழு தைமாதம் வருகிறதாம். அந்த ஆயா இப்போதே தம் உறையைச் சாமி மாடத்தில் எடுத்து வைத்திருக்கிறார்.