டார்ட் ஆற்றில் ஒரு தேர்வு



இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பகுதியில் டார்ட்மூர் என்று ஒரு மேட்டுநிலம் இருக்கிறது. அடியில் கருங்கல், மேலே சதுப்பு. கிழக்கு டார்ட், மேற்கு டார்ட் என்ற இரண்டு ஆறுகள் அங்கே டார்ட்மீட் என்னுமிடத்தில் கூடுகின்றன. கூடிய ஆறு நியூபிரிட்ஜ் பாலம் வரை பாறையும் மரமும் நெருக்கும் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. சதுப்பு மண் ஊறி, தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். கயாக் ஓட்டுகிறவர்கள் இந்தப் பகுதியை ‘அப்பர் டார்ட்’ என்பார்கள்.

கயாக் என்பது ஒடுக்கமான சின்னப் படகு. ஒருவர் காலை உள்ளே நீட்டி உட்கார்ந்தால், இடுப்பைச் சுற்றி ஒரு பாவாடை மாதிரி மூடி இறுக்கிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே புகாது. கவிழ்ந்தால் தலை நீருக்குள், படகு மேலே. அந்த நிலையிலேயே துடுப்பை வீசி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி நிமிர்ந்துவிட வேண்டும். இதற்கு ‘ரோல்’ என்று பெயர்.

காட்டாறுகளின் கடினத்தை ஆறு தரமாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் தரம் சலசலக்கும் ஓட்டம். ஆறாம் தரத்தில் இறங்கத் துணிபவர்கள் மிகச் சிலர். நான்காம் தரத்தில் அலை மூர்க்கமாக இருக்கும். ஆனாலும் தேர்ந்தவருக்கு அதன் போக்கு பிடிபடும். இந்தத் தரத்து ஆற்றில் பிறரைக் கூட்டிச்செல்லத் தகுதியானவரா என்று பார்க்க, பிரிட்டனில் உயர்நிலைத் தேர்வு ஒன்று உண்டு. முன்பு பிரிட்டிஷ் கனூயிங் என்றும் இப்போது பேடில் யூகே என்றும் அழைக்கப்படும் அமைப்பின் தேர்வு அது. அப்பர் டார்ட் மாதிரியான ஆறு அதற்குத் தோதானது.

இதில் ஒரு வேடிக்கை. தேர்வுக்குத் தேதி குறித்தாகிவிடும். ஆறு அந்தத் தேதியைக் கேட்காது. மழை இல்லையென்றால் பாறைகள் பல்லிளிக்கும், நான்காம் தரம் மூன்றாகிவிடும். இரவெல்லாம் கொட்டினால் நான்கு ஐந்தாகும். அன்றைய ஆற்றைக் காலையிலேயே எடைபோட்டு, இறங்கலாமா, வேறு ஆற்றுக்குப் போகலாமா என்று சொல்வதிலேயே தேர்வு தொடங்கிவிடுகிறது.

தேர்வுக்கு வந்தவரின் சொந்தத் திறமையை, தேர்வை நடத்தும் ஆய்வாளர் சீக்கிரமே கணித்துவிடுவார். பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் மேல்நோக்கித் திரும்பி வரும் இடம் ஒன்று இருக்கும். அதை ‘எடி’ என்கிறார்கள். சீறும் ஓட்டத்திலிருந்து சட்டென்று அதற்குள் நுழைந்து நிற்கிறாரா? படகு எந்தக் கோணத்தில் திரும்புகிறது? இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை. கவிழ்ந்ததற்காக மட்டும் யாரும் தோற்பதில்லை. கவிழ்ந்து எழுந்ததும் கண் எங்கே போகிறது என்பதே எனக்குச் சுவாரசியமான கேள்வி. முதலில் தான் கூட்டிவந்த குழுவைத் தேடுகிறவர் ஒரு ரகம். தலையைச் சிலுப்பிக்கொண்டு அடுத்த அலையைப் பார்க்கிறவர் இன்னொரு ரகம்.

தேர்வுக்கு வந்தவர் எங்கே நிற்கிறார் என்பதும் அப்படித்தான். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் குழுவை அனுப்பக் கூடாது. யாராவது தவறினால் கை எட்டுகிற, கயிறு எட்டுகிற இடத்தில் தலைவர் முன்கூட்டியே இருக்க வேண்டும். ஆற்றிரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் சைகைதான். துடுப்பைக் கிடையாகப் பிடித்தால் நில். நிமிர்த்திப் பிடித்தால் வா. மூன்று நீண்ட விசில் என்றால் ஆபத்து. இந்தச் சைகைகளில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும்: ஆபத்தான பாறையைச் சுட்டிக்காட்டவே கூடாது. போகவேண்டிய பக்கத்தை மட்டுமே காட்ட வேண்டும். பதற்றத்தில் இருப்பவன் காட்டிய பக்கம்தான் போவான்.

மீட்புக்கும் ஒரு வரிசை உண்டு. கூவு, நீட்டு, எறி, படகில் போ. எதுவும் ஆகவில்லையென்றால் கடைசியாகக் குதி. பாறையில் படகு ஒட்டிக்கொண்டதும், கப்பியும் கொக்கியும் பூட்டிக் கயிற்று வித்தை காட்டச் சிலருக்குக் கை பரபரக்கும். ஆய்வாளர் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேர் கையால் தள்ளினாலே அது விடுபட்டிருக்கலாம். கயிற்றைத் தண்ணீரில் விடுவதே இன்னொரு ஆபத்து; யார் காலிலும் அது சுற்றிக்கொள்ளும். அதனால்தான் கயிற்றோடு கத்தியும் எடுத்துச் செல்கிறார்கள்.

இப்படி வைத்துக்கொள்வோம். நல்ல அருவி இறக்கம் ஒன்று வருகிறது. தேர்வுக்கு வந்தவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டக்கூடியவர். ஆனால் கரையேறி, நடந்து பார்த்துவிட்டு, எல்லோரும் படகைத் தோளில் தூக்குங்கள் என்கிறார். ஈரப் பாறையில் வழுக்கி வழுக்கி நடக்கிறார்கள். “ஏன் சுற்றிப் போகிறீர்கள்?” என்று கேட்கிறார் ஆய்வாளர். “கடைசியில் வருபவருக்கு மதியத்திலிருந்து ரோல் இரண்டு முறை தப்பிவிட்டது. கையும் விறைத்திருக்கிறது” என்று பதில் வருகிறது. ஆய்வாளர் தலையை ஆட்டிவிட்டு, தன் படகையும் தோளில் ஏற்றிக்கொள்கிறார்.