வகுப்பில் வாய் திறவாத பிள்ளை

“விடை எனக்குத் தெரியும் அப்பா; நான் சொல்வதற்குள் இன்னொருவன் சொல்லிவிட்டான்.” கரோல்பாகிலோ மாதுங்காவிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களில், பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளை இவ்வாறு கூறுவதை நேயர்களிற் பலர் கேட்டிருப்பீர்கள். அதைச் சாக்குப்போக்கென்று தள்ளிவிடுவதும் உண்டு. பெரும்பாலும் அது உண்மையே என்பது என் கருத்து.

40 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பைக் கவனியுங்கள். ஆசிரியர் வினா எழுப்பிய மாத்திரத்தில் நான்கைந்து கைகள் உயர்கின்றன. நாளையும் அதே கைகள்தாம் உயரும். பாடம் விரைந்து நடக்கிறது, ஆசிரியருக்கும் மனநிறைவு. ஏனையோர் வெறுங் கேட்போராகவே ஆண்டு முழுவதையும் கழித்துவிடுகின்றனர்.

அமெரிக்கக் கல்வியறிஞர் மேரி பட் ரோ என்னும் அம்மையார், வகுப்பறைப் பேச்சுக்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1974ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். வினாவைத் தொடுத்த ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடி அளவே! அதனை 3 விநாடியாக நீட்டியபோது விடைகள் விரிந்தன. மந்தமானவர் என்று எண்ணப்பட்ட பிள்ளைகளும் தாமே முன்வந்து பேசலாயினர். பிள்ளை விடை கூறி நிறுத்திய பின்னரும் ஆசிரியர் சற்றுப் பொறுத்தால், அப்பிள்ளையே தொடர்ந்து காரணமும் கூறும் என்பதையும் அவர் கண்டார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த 3 விநாடியின் அருமை நன்கு விளங்குகிறது. ஒரு மொழியில் வாங்கிய கருத்தை மற்றொரு மொழியில் தருவதற்கு, நாற்பது வயது கடந்த என் போன்றோர்க்கே அவகாசம் வேண்டியிருக்கிறது, அகராதியும் வேண்டியிருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளியோ, வகுப்பில் ஆங்கிலம் என்று வாழும் 8 வயதுக் குழந்தையிடம், இதனை ஒரு விநாடியில் முடித்துக்காட்டு என்கிறோம். கருத்து உள்ளே முழுமையாக இருக்கிறது. சொல்தான் வந்து சேரவில்லை. உச்சரிப்பைக் கேட்டு ஒரு முறை வகுப்பு நகைத்துவிட்டால் போதும், அக்குழந்தை பல மாதங்களுக்கு வாய் திறவாது. அந்த நகைப்பை உடனே தடுத்து நிறுத்துவது ஆசிரியரின் கடமை. பேசாத பிள்ளையைத் திடீரென்று எழுப்பி நிறுத்தி வினவுவதும் நன்மை தராது. “நாளை இந்த வினாவை உன்னிடம் கேட்பேன்” என்று முன்னரே சொல்லி வைத்தல் நலம்.

பிராங்க் லைமன் என்ற மற்றோர் அமெரிக்கர் 1981இல் ஓர் எளிய முறையை எடுத்துரைத்தார். முதலில் தனியே சிந்தித்தல்; பின் பக்கத்தில் இருப்பவரோடு பேசுதல்; அதன் பின்னரே வகுப்பு முழுவதற்கும் கூறுதல். இவ்வாறு செய்யின் 40 பேரும் பேசியவர்களாவர். அந்த இருவர் பேச்சு எம்மொழியிலும் நிகழலாம். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும், வகுப்பில் பல மொழிகள் வழங்குவதை இடையூறாகக் கருதாமல் செல்வமாகக் கொள்ளச் சொல்கிறது.

இது நமக்குப் புதுமையன்று. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், ஆசிரியர் உரைத்ததை நன்றாக மனத்திற் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது கால் பங்குப் புலமையே என்று கணக்கிட்டார். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரை. ஆக, முக்கால் பங்கு பிள்ளையின் நாவைச் சார்ந்திருக்கிறது. மாணாக்கன் ஓவியம்போல் அடங்கியிருந்து கேட்க வேண்டும் என்றும் அதே நூல் கூறுகிறது. நம் வீடுகளில் அதனை மட்டும் மறவாமல் பிடித்துக்கொண்டோம்!

பெற்றோர் கூட்டத்திற்குச் செல்லும்போது மதிப்பெண் பட்டியலோடு நின்றுவிடாமல், “இம்மாதம் என் மகள் வகுப்பில் எத்தனை முறை பேசினாள்?” என்று ஆசிரியரைப் பணிவுடன் கேளுங்கள். விடை உடனே வராவிடின் நீங்களும் 3 விநாடி பொறுத்திருங்கள். வீட்டிலோ, மறுநாள் நடக்கவிருக்கும் பாடத்தை முதல்நாள் இரவு உணவு வேளையில் தமிழிலேயே அவளோடு பேசிப் பாருங்கள். மழை ஏன் பெய்கிறது என்பதை உங்களுக்கும் பாட்டிக்கும் அவள் தமிழில் விளக்கிவிட்டாளானால், காலையில் வகுப்பில் அவள் தேடவேண்டியது சொற்களை மட்டுமே.