முதலில் கேட்டவருக்கா?

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் சங்கத்தில் இப்போது இரண்டு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்கள் இருக்கின்றன. 2021 மே மாதத்தில் ஒன்றுதான் இருந்தது. பதிவேடு என் பொறுப்பில். வங்கியில் டோக்கன் கொடுத்தே பழகியவன் நான். முதலில் போன் செய்தவருக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு ஆக்சிமீட்டரில் 94. "எதற்கும் வீட்டில் இருக்கட்டும் சார்" என்றார். அரை மணி நேரத்தில் இன்னொரு வீட்டிலிருந்து அழைப்பு. அங்கே 86. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் படுக்கைக்காக ஆம்புலன்ஸிலேயே காத்துக் கிடந்தார். நல்லவேளை, பிழைத்து வந்தார். அவர் மனைவி இன்றும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதில் தவறில்லை.

அதே நாட்களில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் மருந்துக்கு நின்ற வரிசை உங்களுக்கு நினைவிருக்கும். பிறகு நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். கடைசியில் தனியார் மருத்துவமனைகளே இணையதளம் வழியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்று அரசு சொன்னது. (அந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது, அது தனிக் கதை.) வரிசை பார்ப்பதற்கு நியாயம்தான். ஆனால் மணிக்கணக்கில் நிற்க ஒரு மகன் வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக இருப்பவர்கள் என்ன செய்வது?

இத்தாலியில் 2020 மார்ச்சில் மயக்கவியல், தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. இருக்கும் படுக்கைகள் போதாதபோது, முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பது உதவாது என்றது. சரி. தேவைப்பட்டால் வயது வரம்பும் வைக்க நேரலாம் என்றது. அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிழைக்கும் வாய்ப்பைப் பார்ப்பது வேறு, பிறந்த தேதியைப் பார்ப்பது வேறு. நம் பூங்காவில் தினமும் காலையில் என்னை முந்திக்கொண்டு நடப்பவருக்கு வயது 74. "உங்களுக்கு வயதாகிவிட்டதால் இப்படிச் சொல்கிறீர்களா அப்பா?" என்று என் மகள் கேட்டாள். இருக்கலாம்.

ஆகவே ஒரு விதி எழுதியிருக்கிறோம். ஆக்சிமீட்டர் அளவும் டாக்டரின் வார்த்தையும் இருந்தால்தான் இயந்திரம். முடிவெடுப்பவர்கள் மூன்று பேர். தன் வீட்டுக்குக் கேட்பவர் அன்று விலகிக்கொள்ள வேண்டும். வயது, மாடி, சந்தா பாக்கி எதையும் பார்க்கக் கூடாது. தினமும் நிலைமையைப் பார்த்து, டாக்டரிடம் கேட்டு, தேவை அதிகமான வீட்டுக்கு இயந்திரத்தை மாற்றலாம். இந்தக் கடைசி விதிக்குத்தான் கமிட்டியில் பெரிய சத்தம். என் வீட்டிலிருந்தும் எடுக்கலாம் என்று முதல் கையெழுத்தை நான் போட்டிருக்கிறேன்.

வரைவு செயலாளரிடம் இருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுங்கள்.