கட்டியங்காரனின் மூன்று மொழிகள்

ஓசூரில் ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம் தொடங்கிவிடும். 1956இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோதும் பழைய கோடு இங்கேயே நின்றது. ஆனால் பாரதக் கதையைச் சாமியாக வைத்துக் கும்பிடுகிறவர்கள் கோட்டின் இரு பக்கமும் இருந்தார்கள், இருக்கிறார்கள். கும்பிடும் முறைதான் வேறு. பெங்களூரிலும் ஆனேக்கல்லிலும் திகளர் சமூகத்தார் திரௌபதிக்குக் கரகம் எடுக்கிறார்கள். பௌர்ணமி ராத்திரியில் ஓர் ஆண் புடவை கட்டி, வளையல் போட்டு, மல்லிகைப் பூக் கரகத்தைக் கையால் தொடாமல் தலையில் தாங்கி வருவார். வாளேந்திய வீரகுமாரர்கள் கூடவே ஓடி வருவார்கள். பெங்களூர்க் கரகம் வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்விட்டுத்தான் கோயில் திரும்பும். அங்கே அம்மன் ஊர் சுற்றுகிறாள், பேசுவதில்லை. நம் பக்கத்தில் அவள் சபை நடுவே நின்று வழக்காடுகிறாள். அந்த வழக்குக்குப் பெயர்தான் கூத்து.

கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்துப் பாரதக் கூத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். புகழ மட்டும் வரவில்லை.

அறுவடை முடிந்து வெயில் ஏறும் மாதங்களில், திரௌபதி அம்மன் கோயிலிலோ தர்மராஜா கோயிலிலோ கொடியேற்றிவிட்டால் பல நாட்களுக்கு ஊருக்கு வேறு பேச்சில்லை. பகலில் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதப் பாடலை ராகம் போட்டுப் பாடிப் பொருள் சொல்வார். ராத்திரி அதே கதை வேஷம் கட்டிக்கொண்டு வரும். விராட பருவம் வாசித்தால் மழை வரும் என்று ஒரு நம்பிக்கை; கேழ்வரகும் மாமரமும் வானத்தைப் பார்த்து நிற்கிற சீமைக்கு அது வெறும் நம்பிக்கை அல்ல, விண்ணப்பம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, பின்னாளில் ‘வியாசர் விருந்து’ எழுதிப் படித்தவர்கள் வீட்டுக்குப் பாரதத்தைக் கொண்டுபோனார். படிக்காதவர்கள் வீட்டுக்கு அது முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

கூத்தில் எனக்குப் பிடித்தது பிரவேசம். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கைக் கால் தெரியும், நடுவில் இருப்பவன் துரியோதனனா கர்ணனா என்பது குரலில்தான் தெரியும். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தவை. எடை குறைவுதான், ஆனால் விடிய விடியச் சுமந்துகொண்டு கிறிக்கி அடித்துச் சுற்றுகிறவருடைய தோளைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும். திரை விலகும்போது மிருதங்கமும் தாளமும் ஒரே அடியாக விழ வேண்டும். விழுந்தால், அந்த ஆள் ராஜாதான்.

ராஜாவைவிடப் பெரியவன் கட்டியங்காரன். அரண்மனைச் சேவகன் என்று பெயர், நிற்பது நம்மோடு. துகில் உரியும் ராத்திரியில் பீஷ்மரே வாய் திறக்காதபோது துச்சாதனனைக் கேலி செய்ய இவன் ஒருவனுக்குத்தான் உரிமை. தெலுங்கும் கன்னடமும் வீட்டுப் பேச்சாக இருக்கிற ஊர்களில் நல்ல கட்டியங்காரன் ராஜாவிடம் தமிழில் பணிவான், கூட்டத்திடம் தெலுங்கில் கோள் சொல்வான், கோபம் வந்தால் கன்னடத்தில் திட்டுவான். மூன்றுக்கும் சிரிப்பு ஒரே இடத்திலிருந்து வராது. பந்தலின் ஒரு மூலை முதலில் சிரிக்கும், பக்கத்திலிருப்பவன் அர்த்தம் சொன்ன பிறகு மறு மூலை சிரிக்கும். பாண்டவர் வனவாசத்தை ‘லே-ஆஃப்’ என்றும், அஞ்ஞாதவாசத்தை ‘ஐடி கார்டு இல்லாத காண்ட்ராக்ட் வேலை’ என்றும் சொல்லத் தெரிந்தவனிடம் எந்தத் தொழிற்சாலையும் தோற்றுத்தான் போகும்.

ஆம், தொழிற்சாலை. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, 1980இல் அசோக் லேலண்ட், பிறகு டைட்டன். 2019இல் ஓசூர் மாநகராட்சியே ஆகிவிட்டது. இதெல்லாம் சேர்ந்து கூத்தைக் கொன்றுவிட்டது என்று ஒரு புலம்பல் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விழா வசூலில் விழுகிற பணத்தில் சம்பளப் பணமும் இருக்கிறது. தொழிற்சாலை எடுத்துக்கொண்டது பணத்தை அல்ல, மறுநாள் தூக்கத்தை. காட்டு வேலைக்காரர் ஒரு பகல் படுத்துக்கொள்ளலாம். முதல் ஷிப்ட்காரர் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏற வேண்டும். அதனால் விழாக் குழு இரண்டு மணிக்குள் முடிக்கச் சொல்கிறது. கூத்து வாத்தியார் வெட்டுகிறார். எதை? சண்டையை வெட்டினால் கூட்டம் கலையும், ஆகவே விருத்தத்தை வெட்டுகிறார், தர்க்கப் பாட்டை வெட்டுகிறார். ‘தன்னைத் தோற்றவன் என்னைப் பணயம் வைக்க முடியுமா’ என்று திரௌபதி கேட்கிற கேள்வி நான்கு வரியில் முடிந்துபோகிறது. என் மனத்தாங்கல் இதுதான்.

ஊர்க்காரர்களே ஆடிக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸ் நகரும் எல்லையோரத் தொழிற்சாலை ஊர்தான். 1965க்குப் பிறகு ஆலைகள் குவிந்த அங்கே, டிசம்பர் 12இல் குவாதலூப்பே மாதாவுக்காக மத்தச்சீன் நடனம் ஆடுகிறவர்கள் அந்தந்தத் தெருக்காரர்களே. கர்நாடகத்துக் கிராமங்களிலும் ‘குருக்ஷேத்ர’ நாடகத்தை ஊர்க்காரர்கள் ஆர்மோனிய வாத்தியாரிடம் கற்று, கைக்காசு போட்டு ஆடுகிறார்கள். நம் கூத்து அப்படியல்ல. சிறு வயதிலிருந்து அடவும் பாட்டும் பழகிய கலைஞர் குழுவை நம்பியது. ஆர்வம் மட்டும் போதாது, கூலியும் வேண்டும்.

வெட்டுப்படாமல் நிற்பது படுகளம். களிமண்ணில் துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஒரு வீட்டு நீளத்துக்கு. பீமன் தொடையைப் பிளப்பான், திரௌபதி கூந்தலை முடிவாள், மாலையில் தீமிதி. ஆனால் நான் பார்க்கச் சொல்வது வேறு. செத்தவனுக்காக அவன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைப்பாள், கூடவே ஊர்ப் பெண்களும் அழுவார்கள். பகைவன் வீட்டு இழவுக்கும் அழத் தெரிந்த கூட்டம் அது.

குறை இன்னொன்று, ஒலிபெருக்கி. மைக் இல்லாமல் ஊர்க் கோடிவரை எட்டப் பழகிய தொண்டைக்கு எக்கோ எதற்கு? முகவீணை ஊதுவதே காதில் விழுவதில்லை. விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டிருந்தால் சொல்கிறேன்: எக்கோவை நிறுத்துங்கள். நேரம் போதவில்லையென்றால் நடுவே வருகிற சினிமா மெட்டை வெட்டச் சொல்லுங்கள், விருத்தத்தை விட்டுவிடுங்கள். துகில் உரியும் கூத்தைச் சனிக்கிழமை ராத்திரியில் வையுங்கள். ஞாயிறு பலருக்கு விடுமுறை, விடிய விடிய ஆடலாம்.