வளவு துப்புரவாக்கப் போகுமுன்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



மருத்துவத்துறையில் பணிபுரியும் பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து இந்த உரையைத் தயாரித்தோம். ஊருக்கு வரவிருந்த சகோதரிகள் எம்மிடம் அடிக்கடி கேட்ட கேள்வி இது: "தீவுப்பகுதியில் ஆட்டிலும் மாட்டிலும் நாயிலும் உண்ணி இருக்கிறதே, பிள்ளைகளுக்கு லைம் நோய் வந்துவிடாதா?"

லைம் என்பது அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்திலுள்ள ஓர் ஊர். 1970களில் அங்கே பல பிள்ளைகளுக்கு மூட்டு வீக்கம் கண்டதால் நோய்க்கு அந்த ஊரின் பெயர் வந்தது. அதன் கிருமியை 1982இல் வில்லி பர்க்டோர்ஃபர் அடையாளம் கண்டார். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளிர்ப் பிரதேசக் காடுகளிலும் புல்வெளிகளிலும் வாழும் ஒருவகை உண்ணியே அதைப் பரப்புகிறது. எமது ஊர் மாட்டுண்ணியும் நாயுண்ணியும் வேறு இனம். ஆகவே அந்தப் பயத்தை இங்கே இறக்கி வையுங்கள். ரொறன்ரோவுக்குத் திரும்பி றூஜ் பள்ளத்தாக்கில் நடக்கும்போதோ, ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் காட்டோரம் உலாவும்போதோ அதை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உண்ணி கடித்த இடத்தைச் சுற்றிச் சில நாட்களிலோ வாரங்களிலோ சிவப்பு வட்டம் படர்ந்தால் உடனே வைத்தியரைக் காணவேண்டும்.

எமது மண்ணில் அஞ்சவேண்டியது வேறொன்று. ஊரில் அதனை உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். மருத்துவர்கள் ஸ்கிரப் ரைபஸ் என்பார்கள். இலங்கையில் ரைபஸ் காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று. வடபகுதியில் இந்நோய் தலைதூக்குவதை எமது மருத்துவர்கள் 2014இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள்.

இதைப் பரப்புவது கண்ணுக்குத் தெரியும் உண்ணி அல்ல. பற்றையிலும் புல்லிலும் வாழும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்குதான் இருக்கும். எலி, அணில் போன்றவற்றின் உடலில் ஒட்டி உணவுண்ணும் இந்தக் குஞ்சு, நாம் பற்றைக்குள் போனால் எம்மிலும் ஏறிவிடும். கடித்தது தெரியாது.

1990இல் தீவுகளைவிட்டு இடம்பெயர்ந்தபின் எத்தனை வளவுகள் பற்றை மண்டிப் போயின என்பதை நாம் அறிவோம். ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் கூரை விழுந்த வீட்டுக்குள் மரம் முளைத்திருப்பதைக் காணலாம். மார்கழி விடுமுறைக்கு வந்து, தாய் தந்தையர் வாழ்ந்த வளவைத் துப்புரவாக்கி, கிணறு இறைத்து, பொங்கிவிட்டுப் போகவேண்டுமென்பது எம்மிற் பலரின் ஆசை. மாரி மழை ஓய்ந்து புல் தழைக்கும் அந்தக் காலத்தில்தான் இக்காய்ச்சலும் அதிகம் காணப்படுகிறது.

கடித்து ஆறு முதல் இருபத்தொரு நாட்களுக்குள் காய்ச்சல் வரும். கடும் தலையிடி, உடல் நோவு, நெறி கட்டுதல், சிலருக்குக் காது மந்தம் என்பன சேர்ந்து வரலாம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கலாம். அது நோகாது. கமக்கட்டு, மார்பின் கீழ், இடுப்புப் பட்டி இறுகும் இடம், தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம் என மறைவான இடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். எல்லோரிலும் அது காணப்படுவதில்லை. ஆனால் இருந்தால், நோயை அறிய அதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை.

இங்கேதான் பெண்களாகிய நாம் ஒன்றை வெளிப்படையாகப் பேசவேண்டும். அந்த இடங்களை வைத்தியருக்குக் காட்ட நாம் கூச்சப்படுகிறோம். எமது அம்மாமார் இன்னும் அதிகம் கூச்சப்படுவார்கள். அவர்களும் கேட்கத் தயங்குவார்கள். அந்தக் கூச்சத்தால் ஒரு வாரம் வீணாகிவிடும். குளிக்கும்போது கண்ணாடியில் பாருங்கள்; அம்மாவுக்குக் காய்ச்சலென்றால் மகளோ மருமகளோ பாருங்கள். வைத்தியசாலையில் தாதியிடமாவது காட்டுங்கள்.

நேரத்தோடு அறிந்தால் மருந்து மிக எளிது. டொக்சிசைக்கிளின் மலிவான குளிசை. தொடங்கி இரண்டு நாட்களுக்குள் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து உண்டு. வழக்கமாகக் கொடுக்கும் பெனிசிலின், அமொக்சிசிலின் இதற்கு வேலை செய்யா. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்பன பாதிக்கப்பட்டு உயிராபத்தும் நேரும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகிலே ஏறக்குறைய ஒரு மணி நேரம், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு மேலும் தரைவழி. காற்றும் கடலும் ஒத்துவராத நாளும் உண்டு. ஆகவே காய்ச்சல் கடுமையாகட்டும் என்று காத்திராமல் தீவிலுள்ள வைத்தியசாலைக்கே முதலிற் போங்கள். டெங்குவும் எலிக்காய்ச்சலும் அதே மாரியில் வருவதால், எது என்பதை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். கடையில் குளிசை வாங்கிச் சமாளிக்கவேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு சிக்கல். இரண்டு வார விடுமுறையில் கடி இங்கே, காய்ச்சல் அங்கே. அங்குள்ள வைத்தியர் பலர் இந்த நோயை ஒருமுறைகூடக் கண்டிருக்கமாட்டார்கள். இலங்கை என்றதும் மலேரியா என நினைப்பார்கள். இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே சான்றளித்துவிட்டது. நீங்களே சொல்லுங்கள்: "நான் வட இலங்கையில் பற்றை வெட்டிய வளவில் நின்றேன், இது ஸ்கிரப் ரைபஸா என்று பாருங்கள்." இந்த ஒரு வசனம் உயிர் காக்கும்.

வராமற் காக்கும் வழிகளும் எளியவை. வளவுக்குள் இறங்குமுன் நீளக் காற்சட்டை, நீளக்கைச் சட்டை, மேசும் சப்பாத்தும் அணியுங்கள். காற்சட்டை விளிம்பை மேசுக்குள் செருகுங்கள். பூச்சி விரட்டி பூசுங்கள். புல்லில் இருக்கவோ படுக்கவோ வேண்டாம். பாயோ தறப்பாளோ விரியுங்கள். உடுப்பைப் பற்றைமேல் காயப்போடாதீர்கள். வந்தவுடன் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளித்து, உடுத்ததைத் தோய்த்துவிடுங்கள். கூலிக்கு வந்து பற்றை வெட்டும் அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும் இதையே சொல்லுங்கள்; நாம் இரண்டு நாள் நிற்கும் இடத்தில் அவர்கள் மாரி முழுவதும் நிற்கிறார்கள்.

பெரிய உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றவோ நெருப்பால் சுடவோ வேண்டாம். கூர்மையான சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, நேராக மெல்ல இழுத்து எடுத்து, சவர்க்காரத்தால் கழுவுங்கள்.

சகோதரிகளே, வளவைத் துப்புரவாக்காமல் விடுங்கள் என்று நாம் சொல்லவரவில்லை. துப்புரவான வளவில் எலி குறையும், எலி குறைந்தால் இந்தச் சிற்றுண்ணியும் குறையும். வாருங்கள், வெட்டுங்கள், விளக்கேற்றுங்கள். போன பின் மூன்று வாரம் மட்டும் உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.