ஊர்ச் சராசரியும் உங்கள் வயலும்



அமெரிக்காவில் 'கவுண்டி' என்பது நம் மாவட்டம் போன்றது. மக்காச்சோளம், கோதுமை முதலிய பயிர்களுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த ஓர் உதவித் திட்டத்தில், கவுண்டியின் சராசரி விளைச்சலையும் விலையையும் பெருக்கிப் பார்க்கிறார்கள். அது உறுதியளித்த வருவாய்க்குக் குறைந்தால்தான் அரசு பணம் தரும். அதுவும் பதிவான அடிப்படைப் பரப்பில் 85 சதத்திற்கே. உங்கள் வயல் பொய்த்தாலும், கவுண்டியின் வருவாய் அந்த அளவுக்குக் கீழே போகாவிட்டால் இத்திட்டத்தில் ஒரு காசும் வராது.

நம் நாட்டில் 2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலும் பரவலான மகசூல் இழப்புக்கு அறிவிக்கை செய்த பகுதியின் சராசரியே கணக்கு. நெல்லில் அச்சராசரிக்குப் பெரிதும் துணையாவது பயிர் அறுவடைச் சோதனை. ஆகவே, உங்கள் ஊரில் சோதனை நடக்கும் நாளைக் கேட்டறிந்து, வயலுக்கே சென்று எடை போடுவதைக் கவனியுங்கள். அன்று எழுதும் எடை உங்கள் வயலுக்கும் சேர்த்துத்தான்.